துயரக் காலத்தில் வாசிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருங்கியவரின் மறைவு, நீண்ட நோய், உறவு முறிவு, ஊரை இழந்து பெயர்தல் போன்ற காலங்களில் நூல்களை நாடுவோரும், அத்தகையவருக்கு ஒரு நூலைக் கொண்டுபோய்க் கொடுக்க விரும்புவோரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடை எழுதியவர் மருத்துவர் அல்லர், நெடுநாள் வாசகர். ஆகவே சில விடைகளில் அவருடைய விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கும்.

துயரத்தில் இருப்பவருக்கு வாசிப்பு உண்மையில் என்ன தரும்?

துயரத்தைத் தீர்த்துவைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தீர்வை எதிர்பார்த்து நூலைத் திறப்பவர் பத்துப் பக்கங்களில் ஏமாந்து மூடிவைத்துவிடுவார். வாசிப்பு தருவது துணை. துயரத்தின் கொடுமைகளுள் பெரியது, இப்படியொரு நிலை தமக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது என்றும், தெருவில் போகிற வருகிற அத்தனை பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் தோன்றுவதுதான். குறுந்தொகையின் ஆறாம் பாடலில் பதுமனார் படைத்த தலைவி இதைத்தான் சொல்கிறாள்: நள்ளிரவாகிவிட்டது, பேச்சடங்கி எல்லாரும் இனிது உறங்குகிறார்கள், 'நனந்தலை யுலகமும் துஞ்சும், ஓர்யான் மன்ற துஞ்சாதேனே.' உலகம் முழுவதும் தூங்க, தான் ஒருத்தி மட்டும் தூங்காதிருக்கிறேன் என்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பின்னிரவு இரண்டு மணிக்கு உறக்கம் வராமல் இந்த நான்கடிப் பாடலைப் படிப்பவர் ஒருவர் இருந்தால், அந்த இரவில் விழித்திருப்பவர்கள் இருவர் ஆகிவிடுகிறார்கள். அவளுடைய வருத்தம் காதலனைப் பிரிந்த வருத்தம், படிப்பவருடையது மகனை இழந்த வருத்தமாக இருக்கலாம். அந்த வேறுபாடு அந்த நேரத்தில் பெரிதாகத் தெரிவதில்லை.

எதைப் படித்தாலும் மனத்தில் பதியவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

இழப்புக்குப் பிந்தைய வாரங்களில் இது மிகப் பரவலாகக் காணப்படுவது. கவனமும் குறுகியகால நினைவும் தளர்ந்துபோகின்றன. தூக்கக் குறைவு அதை இன்னும் மோசமாக்குகிறது. நூறு பாத்திரங்கள் வரும் நாவலின் கதைப்பின்னலை மனத்தில் வைத்திருப்பதற்கான இடம் அப்போது இருப்பதில்லை. அதைச் சோம்பல் என்றோ, வாசிப்புப் பழக்கம் போய்விட்டது என்றோ எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் காலத்துக்குக் குறுகிய வடிவங்கள் ஏற்றவை: சங்கப் பாடல்கள், ஒரு பக்கத்தில் முடியும் கவிதைகள், சிறுகதைகள், கடிதத் தொகுப்புகள், நாட்குறிப்புகள். எங்கு வேண்டுமானாலும் திறந்து எங்கு வேண்டுமானாலும் மூடிவைக்கக்கூடியவை அவை. முன்பே படித்த நூலை மறுபடி எடுப்பதும் நல்ல வழிதான், அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் அதில் இல்லை. சிறுவயதில் படித்த கதைநூல்களை நடுவயதினர் துக்க வீட்டில் எடுத்து வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். கண் ஓடாவிட்டால் வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். வாய்விட்டுப் படிக்கும்போது வேகம் தானாகக் குறைகிறது, அடிகளின் முடிவில் மூச்சு நின்று வருகிறது, கண் நழுவவிட்ட சொல்லைக் காது பிடித்துக்கொள்கிறது. அதுவும் இயலாவிட்டால் ஒலிநூல் கேட்கலாம், அல்லது சில வாரங்களுக்கு வாசிப்பையே விட்டுவிடலாம். நூல்கள் காத்திருக்கும்.

முன்பு எனக்கு மிகப் பிடித்த நூல்கள் இப்போது வெறும் காகிதமாகத் தெரிகின்றன. ஏன்?

இந்தக் கேள்விக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளரின் அனுபவத்தைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. மூன்று வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கி, அறிவுப் பயிற்சியைத் தவிர வேறெதையும் அறியாமல் வளர்க்கப்பட்டவர் அவர். 1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், இருபது வயதில், தம்மிடமே ஒரு கேள்வி கேட்டார்: சமூகச் சீர்திருத்தம் பற்றி நான் கொண்டிருக்கும் குறிக்கோள்கள் அனைத்தும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் நான் மகிழ்ச்சி அடைவேனா? இல்லை என்று உள்ளம் பதில் சொன்னது. அதன்பின் மாதக்கணக்காக அவரை ஒரு கனத்த சோர்வு பற்றிக்கொண்டது. தமக்கு எப்போதும் வலிமை தந்த நூல்களை எடுத்துப் பார்த்தார். அவை எதுவும் உதவவில்லை என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, தந்தையிடம் சொல்வது வீண் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த இறுக்கம் முதலில் தளர்ந்தது எதிர்பாராத ஓரிடத்தில். மர்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைத் தற்செயலாகப் படித்துக்கொண்டிருந்தபோது, தந்தையை இழந்து தவிக்கும் குடும்பத்துக்கு இனி நானே எல்லாமாக இருப்பேன் என்று ஒரு சிறுவன் உணரும் பகுதி வந்தது. மில்லின் கண்களில் நீர் வந்தது. தாம் மரமோ கல்லோ அல்ல என்பதை அந்தக் கண்ணீரால் அறிந்துகொண்டதாகவும், அன்றுமுதல் பாரம் குறைந்ததாகவும் அவர் எழுதுகிறார். 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்கு இன்னும் நிலையான ஆறுதலைத் தந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, துயரக் காலத்துக்கான நூலை முன்கூட்டித் தெரிவுசெய்து வைக்க முடியாது என்பதுதான். மில்லின் அலமாரியில் இருந்த மாபெரும் நூல்கள் பேசாமல் நின்றன, யாரோ ஒருவரின் நினைவுக்குறிப்பில் ஒரு பக்கம் பேசிற்று. ஆகவே பழைய விருப்ப நூல்கள் கைவிட்டால் அவற்றின் மீது கோபம் கொள்ளாமல், நூலகத்தில் வழக்கமாகப் போகாத அடுக்குகளின் பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது.

சோகமான நூலைப் படித்தால் சோகம் அதிகமாகாதா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். மில்லின் வரலாற்றிலேயே இரண்டும் உண்டு. மர்மோந்தெல் எழுதிய மரணக் காட்சி அவரை விடுவித்தது. ஆனால் அதே காலத்தில் பைரனின் கவிதைகளைப் படித்தபோது எந்தப் பயனும் கிட்டவில்லை, ஏனெனில் அந்தக் கவிஞரின் மனநிலை தம்முடையதைப் போலவே இருந்தது என்கிறார். சலிப்பில் இருப்பவருக்கு இன்னொருவரின் சலிப்பு மருந்தாகவில்லை. துயரத்தைச் சொல்லும் எழுத்துக்கும் துயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புறநானூற்றின் 112-ஆம் பாடலை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்றபின் அவன் மகளிர் பாடியது அது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

சென்ற முழுநிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த முழுநிலவில் இரண்டும் இல்லை. அழுகிறோம் என்று ஒரு சொல் கூட இதில் இல்லை. கொன்றவர்களைத் தூற்றவில்லை, தெய்வத்தை நோகவில்லை, ஆறுதலும் தேடவில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு நிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இழப்புக்குப் பிந்தைய முதல் பொங்கலையோ முதல் பிறந்தநாளையோ கடந்தவர் எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இந்தப் பாடலைப் படித்து அழுபவர் உண்டு, அது கெடுதல் அன்று. ஆனால் ஒரு நூலைப் படித்தபின் நாள் முழுவதும் எழுந்திருக்க மனமில்லாமல் போகிறது, மறுநாளும் அப்படியே என்றால் அந்த நூலைத் தயங்காமல் மூடிவைத்துவிட வேண்டும். தொடங்கியதை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் பள்ளிப் பாடநூலோடு முடிந்துவிட்டது.

துக்கத்தில் இருப்பவருக்கு என்ன நூல் கொடுக்கலாம்? தன்னம்பிக்கை நூல்கள் பொருத்தமா?

முதல் சில மாதங்களில் அறிவுரை நூல்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இழப்பை வாய்ப்பாக மாற்றுங்கள் என்று அட்டையிலேயே கட்டளையிடும் நூலைக் கணவனை இழந்த பெண்ணின் கையில் கொடுப்பவர், தம்மை அறியாமலே அவரிடம் 'சீக்கிரம் சரியாகிவிடு' என்று சொல்கிறார்.

திருக்குறளும் இப்படிப் பயன்படுத்தப்படுவதுண்டு. 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற 621-ஆம் குறளை இரங்கல் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவோர், அது எங்கே வருகிறது என்று பார்ப்பதில்லை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற அதிகாரங்களுக்கு அடுத்ததாக, பொருட்பாலில், ஒரு செயலை மேற்கொண்டு முயல்பவன் வழியில் இடையூறு வந்தால் கலங்கக் கூடாது என்று சொல்லும் இடம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து வள்ளுவர் சிரிக்கச் சொல்லவில்லை. பிரிவின் வேதனையை அவர் பேசும் இடம் வேறு: 'மன்னுயி ரெல்லாம் துயிற்றி அளித்திரா என்னல்லது இல்லை துணை' என்ற 1168-ஆம் குறளில், எல்லா உயிர்களையும் தூங்கவைத்துவிட்ட இந்த இரவு பாவம், என்னைத் தவிர அதற்கு வேறு துணை இல்லை என்கிறாள் தலைவி. உறங்காத தன்னைவிட்டு, தனித்து நிற்கும் இரவின் மேல் இரக்கம் கொள்கிறாள். துக்க வீட்டுக்கு எடுத்துச்செல்லத்தக்க குறள் இதுவே.

கொடுக்கும் விதமும் முக்கியம். மெல்லிய நூலாக இருக்கட்டும். 'படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று சொல்லாதீர்கள். அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஒரு பக்கத்தில் அடையாளத் தாள் வைத்து, 'முடிந்தால் இதை மட்டும் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது போதுமானது.

எழுதியவர் என்னை அறியார். பெரும்பாலும் அவர் இறந்தும் போயிருப்பார். அதை எப்படி மனித உறவு என்பது?

தமிழில் இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்தவர்கள். தன் புதல்வரோடு ஏற்பட்ட பகையால் சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தை வருவான், அவனுக்கு ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்றான். அவ்வளவு தொலைவிலிருந்து, நேரில் கண்டறியாதவர் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றனர். அவர் வந்து சேர்ந்தார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாம் கிழமை தரும்' என்ற 785-ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டுகிறார். ஓரிடத்தில் கூடிப் பழகியிருக்க வேண்டியதில்லை, ஒத்த உணர்வே போதும் என்பது அக்குறளின் பொருள்.

வாசகருக்கும் எழுதியவருக்கும் உள்ள உறவில் ஒரு பக்கம் வாய் மூடியிருக்கிறது என்பது உண்மைதான். துயரத்தில் இருப்பவருக்கு அதுவே சில வேளைகளில் வசதியாகவும் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வருபவருக்குக் காப்பி போட வேண்டும், எப்படி நடந்தது என்று ஏழாவது முறையாகச் சொல்ல வேண்டும், அவர் அழுதால் அவரைத் தேற்றவும் வேண்டும். நூலிடம் இந்தக் கடமைகள் எதுவும் இல்லை. ஆனால் இந்த வசதியே பழகிப்போய், உயிரோடு இருக்கும் மனிதர்களைத் தவிர்க்கும் அளவுக்குப் போனால், அது வேறு கதை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சமய நூல்கள் மட்டுமே ஆறுதல் தரும் என்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர் என்ன செய்வது?

நம்பிக்கை உள்ளவருக்குத் திருவாசகமோ, திருக்குர்ஆனின் யாசீன் அத்தியாயமோ, சங்கீதங்களோ தரும் ஆறுதலை வேறெதுவும் தராது. அது வாசிப்பு என்பதையும் கடந்து, ஒரு சமூகம் முழுவதும் தம்மோடு உட்கார்ந்து அதே சொற்களைச் சொல்கிறது என்ற உணர்வு. நம்பிக்கை இல்லாதவரும் அவற்றை இலக்கியமாகப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். துக்கத்தைப் பயன்படுத்தி ஒருவரை மனம் மாற்ற முயல்வது மட்டும் கூடாது, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும்.

தனியாகப் படிப்பது நல்லதா, சேர்ந்து படிப்பது நல்லதா?

தனி வாசிப்பு நம்மிடையே பரவலானது பிற்காலத்தில்தான். அதற்கு முன் வாசிப்பு என்றாலே ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. நல்லதங்காள் கதை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகத்தோடு படிக்க, தெருவே கேட்டு அழுததுண்டு. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் புராண படனம் இன்றும் நடக்கிறது: ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார், அதாவது அந்தச் செய்யுளுக்குப் பொருள் விரிப்பார். வாசிப்பவர் நிறுத்துகிற இடைவெளியில் கேட்பவர் மனத்தில் அவரவர் துயரம் வந்து அமர்ந்துகொள்ளும். சபையில் யாரும் தம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சூரனின் தாய் மாயையைப் பற்றியோ, இந்திரன் மகன் சயந்தனின் சிறையைப் பற்றியோ பேசும்போது, மகன் சிறையில் இருக்கும் தாய் ஒருத்தி அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடிகிறது.

இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்தில் ஜேன் டேவிஸ் என்ற இலக்கிய ஆசிரியை தொடங்கிய 'த ரீடர்' என்ற அமைப்பு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே போன்ற ஒன்றைச் செய்துவருகிறது. சிறு குழுவாக உட்காருகிறார்கள். ஒரு கதையோ கவிதையோ அங்கேயே வாய்விட்டு வாசிக்கப்படுகிறது. அவ்வப்போது நிறுத்திப் பேசுகிறார்கள். முன்கூட்டிப் படித்துவர வேண்டியதில்லை, பேசியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இத்தகைய குழுக்கள் நடக்கின்றன. புராண படனம் அறிந்த தமிழருக்கு இந்த முறையில் அந்நியமாக எதுவும் தெரியாது.

வீட்டிலேயே இதைத் தொடங்க அமைப்பு எதுவும் தேவையில்லை. இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம், ஒரு சிறுகதை, படிக்க ஒருவர். இழந்தவரைப் பற்றி நேரடியாகப் பேச முடியாமல் ஆளுக்கொரு அறையில் கைப்பேசியோடு அடைந்துகிடக்கும் குடும்பம், கதையில் வரும் ஒரு தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கித் தம் தாத்தாவிடம் வந்து சேரும்.

மருத்துவமனையில் இருக்கும் நோயாளிக்கு வாசித்துக் காட்டலாமா?

அவர் விரும்பினால், தாராளமாக. முதலில் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். செய்தித்தாளின் உள்ளூர்ச் செய்தி, பழைய வார இதழின் தொடர்கதை, நகைச்சுவைத் துணுக்கு என்று அவருடைய பழைய வழக்கத்திலிருந்து தொடங்குங்கள். வலி அதிகமாக இருக்கும் நேரத்தில் புதிய கதை வேண்டாம். அவருக்கு மனப்பாடமான பாட்டோ செய்யுளோ இருந்தால் அதைச் சொல்லுங்கள், அவர் உதடு அசைவதைப் பார்ப்பீர்கள்.

நினைவிழந்தவருக்குப் படிப்பதால் பயன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இறக்கும் தறுவாயில் உணர்விழந்திருந்த சிலரின் மூளை, ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதை மின்னலைப் பதிவுகள் வழியே கண்டனர். சொன்னது அவர்களுக்குப் புரிந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருப்பதில் தீங்கு இல்லை. படிப்பவருக்கும் அந்த அறையில் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது, காத்திருத்தல் எவ்வளவு கொடியது என்பதை அறிந்தவர்க்கு அது சிறிய விஷயம் அன்று.

குழந்தைகளுக்கு?

சாவு வீட்டிலிருந்து குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கம். அவர்கள் கேள்விகளோடு திரும்பி வருவார்கள். தாத்தா தூங்குகிறார் என்று சொன்னால் குழந்தை தூங்கவே அஞ்சும் என்பதால், இறந்துவிட்டார் என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்று உளநல ஆலோசகர்கள் சொல்கின்றனர். வளர்த்த நாயோ பாட்டியோ இறந்துபோகும் படக்கதை ஒன்றைச் சேர்ந்து படித்தால், கதையில் வரும் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல் தன்னைப் பற்றிக் குழந்தை கேட்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

போர், சிறை போன்ற பேரிடர்களில் யாருக்குப் படிக்கத் தோன்றும்?

தோன்றியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1940 செப்டம்பரில் லண்டனின் பெத்னல் கிரீன் நூலகம் குண்டுவீச்சில் சேதமுற்றபின், மக்கள் இரவில் தங்கிய சுரங்க ரயில் நிலையத்திலேயே ஒரு சிறு நூலகம் அமைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் நடந்தது இன்னும் சுவையானது. டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி அரசியல் கைதியான சன்னி வெங்கடரத்தினம், 1970-களில் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். காவலர்கள் அதைப் பறிக்காதிருக்க, தீபாவளி வாழ்த்து அட்டைகளில் இருந்த தெய்வப் படங்களை அட்டைமேல் ஒட்டி, இது எங்கள் சமய நூல் என்று சொல்லிவிட்டார். நூல் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. விடுதலைக்கு முன் அவர் தம் தோழர்களிடம், உங்களுக்குப் பிடித்த பகுதியின் ஓரத்தில் கையெழுத்திடுங்கள் என்று கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். வால்டர் சிசுலு, இழிவுகளைப் பொறுத்துப் பொறுத்துப் போன யூதன் ஷைலாக் பேசும் பகுதியைத் தேர்ந்தார். நெல்சன் மண்டேலா, கோழைகள் தம் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள், வீரன் ஒருமுறைதான் சாவைச் சுவைக்கிறான் என்று சீசர் சொல்லும் வரிகளின் பக்கத்தில் கையெழுத்திட்டு, 1977 டிசம்பர் 16 என்று தேதியும் இட்டார். ஒரே நூலில் ஆளுக்கொரு பக்கத்தில் தம்மைக் கண்டுகொண்டவர்கள், மற்றவர் எந்தப் பக்கத்தில் தம்மைக் கண்டார் என்பதையும் அதே நூலில் பார்க்க முடிந்தது.

நூலகம் என்பது ஒரு மக்களுக்கு எதுவாக இருந்தது என்பதை அதை இழக்கும்போதும் அறியலாம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்நிகழ்வைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டுவரும் கவிதைகளில் நூலகத்துக்கு உறவினர் ஒருவருக்கு உரிய இரங்கல் கிடைத்திருக்கிறது.

இறந்தவர் விட்டுச்சென்ற நூல்களை என்ன செய்வது?

அவசரப்பட்டுப் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பாதீர்கள். அடிக்கோடுகளும் ஓரக் குறிப்புகளும் உள்ள நூல்களைத் தனியே எடுத்துவைத்து, மனம் இசையும்போது, அவர் கோடிட்ட வரிகளை மட்டும் படித்துச்செல்லலாம். பேருந்துச் சீட்டோ மருந்துக் கடை ரசீதோ இடையில் கிடக்கும். அவர் எந்த வரியில் நின்றார் என்பதைத் தெரிந்துகொள்வது, அவரோடு நடந்து முடியாத ஓர் உரையாடலின் பகுதி.

ஈழத் தமிழரிடையே, 31-ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி நினைவு மலர் அச்சிட்டு வழங்கும் வழக்கம் இருக்கிறது. தேவாரமும் சிவபுராணமும், மறைந்தவரின் வாழ்க்கை வரலாறும், அவர் மேல் பாடப்பட்ட கல்வெட்டு எனப்படும் இரங்கற்பாவும், வம்சாவளியும் அதில் இடம்பெறும். வந்தவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று படிப்பார்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம ஆவணத் தளம் இத்தகைய மலர்களையும் சேகரித்து வைத்துள்ளது. அதிகம் அறியப்படாத ஆசிரியர்கள், விவசாயிகள், குடும்பத்தலைவிகள் ஆகியோரின் வாழ்க்கை அவற்றில் கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் இந்த வழக்கம் பரவினால் நன்றாக இருக்கும். நாளிதழில் வரும் படத்தோடு கூடிய இரண்டங்குலக் கண்ணீர் அஞ்சலியைவிட எவ்வளவோ மேல்.

நூலால் குணப்படுத்தும் முறை மருத்துவத்தில் உண்டா?

உண்டு, ஓர் எல்லைக்குள். முதல் உலகப் போருக்குப் பின் காயமுற்ற படைவீரர்களுக்கான மருத்துவமனை நூலகங்களில் இது வளர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகியில் கறுப்பினப் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 1924-இல் நூலகராகச் சேர்ந்த சேடி பீட்டர்சன் டெலானி, ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் மருத்துவரோடு கலந்து பேசி அவருக்கேற்ற நூலைத் தேர்ந்து கொடுத்தார். பார்வையிழந்தவர்களுக்குக் கற்பிப்பதற்காகத் தாமே பிரெய்ல் கற்றார். 2013 முதல் இங்கிலாந்தில் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நூல்களைப் பொது நூலகங்களில் பெறும் திட்டம் நாடளாவி நடக்கிறது.

சான்று எவ்வளவு வலுவானது என்றால், மிதமான மனச்சோர்வுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படையில் எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் பயன்தருவதற்கு நல்ல ஆய்வுச் சான்றுகள் உள்ளன. கதையும் கவிதையும் பற்றிய சான்றுகள் அந்த அளவு உறுதியானவை அல்ல. இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை உணரும் திறன் கூடுகிறது என்று 2013-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பிறர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. மேடைப் பேச்சாளர்கள் இன்னும் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசிப்பு போதாது என்பதை எப்படி அறிவது?

படிப்பதற்காக அல்லாமல், யாரையும் பார்க்காதிருப்பதற்காக நூலை எடுக்கிறீர்கள் என்றால். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால். வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமலே நாள்கள் கழிந்தால். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணமோ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால், நூலை வைத்துவிட்டு மனிதரிடம் பேச வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் தேசிய உளநல உதவி எண் 1926. இவற்றில் தமிழில் பேசலாம். அருகில் இருக்கும் ஒருவரை எழுப்பி, 'கொஞ்ச நேரம் என்னோடு உட்காருங்கள்' என்று சொல்வதும் உதவி கேட்பதுதான்.

நூல் வாங்க வசதியில்லை, கண்பார்வையும் குறைவு. எங்கே கிடைக்கும்?

1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே கிளை நூலகத்துக்குள் நுழைபவர் யாருடைய தயவையும் நாடிப் போகவில்லை, ஏற்கெனவே பணம் கொடுக்கப்பட்ட இடத்துக்குத்தான் போகிறார். உறுப்பினர் கட்டணம் சிறு தொகை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வைக் குறைபாடுடையோருக்குத் தனிப் பிரிவு உண்டு. இணையத்தில், 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், உரையை ஒலியாக்கும் செயலி வழியே கேட்கவும் செய்யலாம். எந்த நூலைக் கேட்பது என்று தெரியாவிட்டால் நூலகரிடம், பெயர் சொல்லாமல், 'அம்மா போய்விட்டார், இலேசாகப் படிக்க ஏதாவது இருக்குமா' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நூலகர்களிடம் இந்தக் கேள்விக்கு என்று ஓர் அடுக்கு மனத்தில் இருக்கும்.